24 தொட்டி, 23 லிட்டர் தண்ணி

மாடித்தோட்டம் போடணும்னு ஆசைப்படுறவங்க யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒண்ணுதான்: "என்னென்ன வாங்கணும்?" கடைக்காரரும் ரெடியா ஒரு லிஸ்ட் வெச்சிருப்பார். கலர் கலரா குட்டி மண்வெட்டி, கையுறை, மண் ஈரம் பார்க்குற மீட்டர், டைமர் வெச்ச சொட்டுநீர் செட்... இந்தச் செலவை எல்லாம் காய்ச்ச கத்தரிக்காயால வகுத்தா ஒரு காய் ஐம்பது ரூபாய்க்குக் குறையாது. தங்கமணி அந்தக் கணக்கைப் போடுறதுக்குள்ள பேச்சை மாத்திடறது உத்தமம் :-)

நான் கேக்குற முதல் கேள்வி வேற. "தண்ணி எங்கேர்ந்து?"

இது 2019 கோடையில சென்னையில கத்துக்கிட்ட கேள்வி. அந்த வருஷம் ஜூன்ல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் ஏறக்குறைய தரை தெரிஞ்சு கிடந்தது ஞாபகம் இருக்கும். ஆபீஸ்ல எல்லாம் வீட்டிலேர்ந்தே வேலை பாருங்கன்னு அனுப்பினாங்க. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலேர்ந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில்ல வந்து இறங்குச்சு. ரயில்ல தண்ணி வர்ற ஊர்ல மொட்டை மாடியில கத்தரிச்செடி வெச்சிருந்தா நாலு பேர் பார்க்கத்தானே செய்வாங்க?

எங்க பில்டிங்ல ஆறு வீடு, ஒரே சம்ப். போர்ல தண்ணி நின்னு லாரி வர ஆரம்பிச்சதும் மீட்டிங் போட்டோம். கீழ்வீட்டு மாமி சுத்தி வளைக்காம கேட்டாங்க: "தம்பி, குழந்தை குளிக்கிறதுக்கே அரை பக்கெட்னு அளந்து குடுக்கறேன். உங்க செடிக்கு அந்த சம்ப்லேர்ந்து ஊத்தினா நான் என்ன சொல்றது?"

பதில் சொல்ல என்ன இருக்கு? நியாயமான கேள்வி. அன்னைக்கே முடிவாச்சு: சம்ப்லேர்ந்து செடிக்கு ஒரு சொட்டு கூட போகக்கூடாது. வீட்டுக்குள்ள ஒரு தடவை பயன்படுத்தின தண்ணியில தோட்டம் பிழைச்சா பிழைக்கட்டும்.

சரி, இப்ப கணக்குக்கு வருவோம்.

மாடியில இருந்தது 24 பை. மே மாச வெயில்ல ஒரு பைக்கு ஒரு நாளைக்கு ஒண்ணரை லிட்டர் குடிக்கும். ஆக தேவை 36 லிட்டர்.

வரவு? அரிசி, பருப்பு, காய் கழுவுன தண்ணி 7 லிட்டர். ராத்திரி ஓடுற ஏசியோட குழாய்க்கு அடியில பக்கெட் வெச்சா 8 லிட்டர் (நம்ம கடற்கரை ஊர் புழுக்கத்துக்கு இது ஒண்ணுதான் நல்ல உபயோகம்). ஆர்.ஓ. மெஷின் கழிச்சு விடுற தண்ணி 12 லிட்டருக்கு மேல வரும். ஆனா அது உப்பு கூடின தண்ணி. அதை மட்டுமே ஊத்தினா கொஞ்ச நாள்ல மண்ணு மேல வெள்ளையா பூத்துடும், இலை ஓரம் கருக ஆரம்பிக்கும். ஏசி தண்ணியோ காத்துல இருக்குற ஈரம் குளிர்ந்து சொட்டுறது, அதுல உப்பே கிட்டத்தட்ட கிடையாது. ரெண்டையும் சரிபாதி கலந்தா ஒண்ணோட குறையை இன்னொண்ணு ஈடு கட்டிடும். அதனால ஆர்.ஓ. தண்ணியில 8 லிட்டர்தான் தோட்டத்துக்கு, மிச்சம் வீடு துடைக்கவும் கக்கூஸுக்கும். சோப்புத் தண்ணியைக் கணக்குல சேர்க்கலை. திங்கிற கீரைக்கும் மிளகாய்க்கும் அது வேணாம்.

7 + 8 + 8 = 23. தேவை 36. பற்றாக்குறை 13 லிட்டர்.

இதுக்கப்புறம் நான் மாடியில செஞ்ச ஒவ்வொரு சாமானும் இந்த 13 லிட்டரை அடைக்கத்தான். எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. எல்லாம் வீட்டுல கிடந்தது, இல்லேன்னா பழைய இரும்புக் கடையில கிடைச்சது.

1. ஈர்க்குச்சி மீட்டர்

விளக்குமாத்துலேர்ந்து நல்ல தடியான ஈர்க்குச்சி ஒண்ணு உருவிக்கோங்க. செடிக்குப் பக்கத்துல நாலு அங்குலம் இறக்கி, ஒரு நிமிஷம் விட்டு வெளிய எடுங்க. ஈர மண்ணு ஒட்டிட்டு வந்தா இன்னைக்குத் தண்ணி வேணாம். காஞ்சு வந்தா ஊத்துங்க. அவ்ளோதான் மீட்டர்! மேல் மண்ணு காஞ்சு தெரியுதேன்னு நாம தினமும் ஊத்துறோம். கீழ வேர் இருக்குற இடம் சொதசொதன்னு இருக்கும். மிளகாய், கறிவேப்பிலை, தூதுவளை எல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாளே போதும்னு இந்தக் குச்சிதான் சொல்லிச்சு. ஒரு லிட்டர் தண்ணி கூட கொண்டு வராம அதிகமா மிச்சம் பிடிச்சுக் குடுத்த கருவி இதுதான்.

2. மூடாக்கும் நிழல் வலையும்

தேங்காய் உரிச்ச மட்டையைப் பிச்சு, காஞ்ச இலையோட கலந்து மண்ணு மேல ரெண்டு அங்குலத்துக்குப் பரப்பணும். வெயில் நேரா மண்ணுல படாது. தண்டை ஒட்டிப் போடாம சுத்தி கொஞ்சம் இடம் விடுங்க, இல்லேன்னா அழுகும்.

பந்தலுக்கு முக்கால் இன்ச் பி.வி.சி. பைப் நாலு, எல்போ நாலு. கால் நட மாடியில குழி தோண்ட முடியாதே? நாலு பழைய பெயிண்ட் வாளியில மணல் ரொப்பி அதுக்கு நடுவுல பைப்பை நிறுத்தியாச்சு. மேல 50 சதவீத பச்சை நிழல்வலை. நைலான் கயித்துல இறுக்கிக் கட்டாம, ஒரு இழு இழுத்தா அவிழுற மாதிரி முடிச்சுப் போடுங்க. புயல் எச்சரிக்கை வந்தா முதல்ல அவிழ்க்க வேண்டியது வலையைத்தான். காத்து பிடிச்சா பாய்மரம் மாதிரி பந்தலையே தூக்கிட்டுப் போயிடும்.

இந்த ரெண்டும் போட்டு ஒரு வாரம் அளந்து பார்த்ததுல 36 லிட்டர் 26க்கு இறங்கிச்சு.

3. கலயம்

மண் கலயத்தைப் புதைச்சு அதுல தண்ணி ஊத்தி வைக்கிறது ரொம்பப் பழைய சமாச்சாரம். கி.மு. முதல் நூற்றாண்டுல எழுதின சீன விவசாய நூல்லயே இந்த முறை இருக்கு. சுட்ட மண்ணுல நுண்ணிய துளைகள் இருக்கு. சுத்தி மண்ணு காயும்போது அது தண்ணியை உறிஞ்சும், ஈரமா இருந்தா உறிஞ்சுறது குறைஞ்சுடும். டைமர், பேட்டரி ஒண்ணும் வேணாம்.

வாங்கும்போது பளபளப்போ பெயிண்ட்டோ இல்லாத கலயமா பாருங்க. வீட்டுக்கு வந்து தண்ணி ரொப்பி வெச்சா சில மணி நேரத்துல வெளிப்பக்கம் ஈரம் கசியணும். கசியலைன்னா ஊறுகாய் போட வெச்சுக்கோங்க. பெரிய பையா எடுத்து, நடுவுல கழுத்து ஒரு அங்குலம் வெளிய தெரியுற மாதிரி புதைச்சு, சுத்தி நாலு கத்தரி நட்டா ஆச்சு. மூடிக்கு சிரட்டை. கச்சிதமா உக்காரும், கொசுவும் போகாது.

ஒரு விஷயம். கலயத்துக்கு வெறும் ஏசி தண்ணி மட்டும்தான். கழுநீர்ல இருக்குற மாவும் ஆர்.ஓ. தண்ணியில இருக்குற உப்பும் அந்த நுண்துளையை அடைச்சிடும்.

4. கீழேர்ந்து குடிக்கிற கேன்

சமையல் எண்ணெய் வர்ற 15 லிட்டர் பிளாஸ்டிக் கேன், ஹோட்டல்காரங்க கிட்ட சல்லிசா கிடைக்கும். வாயை அறுத்து எடுத்துட்டு சீயக்காய் போட்டுக் கழுவிடுங்க. பிறகு:

அடியில நாலு அங்குல உயரத் தயிர் டப்பா மூணு கவுத்து வைக்கணும். நாலாவது டப்பாவை மட்டும் நிமிர்த்தி, பக்கமெல்லாம் ஓட்டை போட்டு, ஊற வெச்ச தேங்காய் நார்க்கழிவை அழுத்தி ரொப்பி நடுவுல வைக்கணும். இதுதான் விளக்குத் திரி மாதிரி தண்ணியை மேல இழுக்கும். இதுக்கு மேல பழைய பிளாஸ்டிக் மூடியை வட்டமா வெட்டி, ஓட்டைகள் போட்டு, நடுவுல திரிக்கு வழி விட்டு, தட்டு மாதிரி வைங்க. ஓரத்துல ஒரு முக்கால் இன்ச் பைப்பை அடி வரைக்கும் இறக்குங்க (கீழ் முனையைச் சாய்வா அறுத்துக்கணும், இல்லேன்னா தரையோட ஒட்டிக்கும்). கடைசியா, கேனோட பக்கவாட்டுல, அந்தத் தட்டுக்கு அரை அங்குலம் கீழ ஒரு ஓட்டை. இதை மறக்கவே கூடாது. மழை பெஞ்சா உபரித் தண்ணி வெளிய போற வழி அதுதான்.

மேல செம்மண், நார்க்கழிவு, மட்கின உரம் மூணும் சம அளவு. பைப் வழியா தண்ணி ஊத்துங்க, பக்கத்து ஓட்டையில எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்க. மூணு, மூணரை லிட்டர் பிடிக்கும். மேலேர்ந்து ஊத்தினா கீழ வழிஞ்சு ஓடுமே, அந்த வீணாப்போறது இதுல இல்லை. பைப் வாயையும் அந்த ஓட்டையையும் துணி வலையால கட்டிடுங்க. டெங்கு கொசு வளர்க்குற தோட்டம் யாருக்கும் வேணாம்.

இதுல ஒரு சங்கடமும் உண்டு. தண்ணி கீழேர்ந்து மேல ஏறும்போது உப்பையும் கூட்டிட்டு வரும். மேல வெள்ளைப் பொருக்கு கட்டினா சுரண்டி எடுத்துடணும். ஐப்பசி மழை மிச்சத்தைக் கழுவிடும்.

5. கைச்சாமான்

ரெண்டு இன்ச் பி.வி.சி. பைப் ஒரு அடி துண்டு, ஒரு முனையைச் சாய்வா அறுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா மண் அள்ளுற கரண்டி ரெடி. கைப்பிடி ஆடிப்போன தோசைத்திருப்பி அருமையான களை சுரண்டி. எண்ணெய் கேனோட மூடியில ஊசியைச் சுட வெச்சுப் பத்துப் பதினஞ்சு ஓட்டை போட்டா பூவாளி. கழுநீரை வடிகட்டப் பழைய வேட்டித் துண்டு. அன்னன்னைக்கே ஊத்திடணும், மறுநாளைக்கு வெச்சா நாத்தம் தாங்காது.

காசு குடுத்து வாங்க வேண்டியது ரெண்டே ரெண்டு. ஒண்ணு நல்ல கவாத்துக் கத்தரி. மழுங்கின கத்தியில கிளையை நசுக்கினா செடிக்கு நோவு. இன்னொண்ணு ஒரு லிட்டர் கை ஸ்பிரேயர். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணியில 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலமா இலைக்கு அடியில அடிக்கணும்.

ஆக மொத்தம் என்ன ஆச்சு? தேவை 20 லிட்டர் சுமாருக்கு வந்து நின்னுது. அதுல ஒரு பங்கு, செடி செத்ததால வந்த மிச்சம்னும் சொல்லியாகணும். தக்காளி மூணு, அவரை ரெண்டு போயிடுச்சு. அதுங்களுக்கு அந்த வெயிலும் கலப்புத் தண்ணியும் ஒத்துக்கலை. மிச்சம் 19 பை ஆகஸ்ட் மழையைப் பார்த்தது. கீழ்வீட்டு மாமி ஜூலையிலேயே அவங்க வீட்டுக் கழுநீரையும் ஒரு குடத்துல மாடிப்படியில வைக்க ஆரம்பிச்சிருந்தாங்க. "சாக்கடைக்குத்தானே போகுது." போகும்போது ஒரு கொத்து கறிவேப்பிலை. நியாயமான வியாபாரம்.

இப்ப சம்ப்ல தண்ணி இருக்கு. அந்தத் தடையை யாரும் ஞாபகம் வெச்சிருக்கலை. ஆனா எங்க மாடிக்கு இன்னும் சம்ப் தண்ணி ஏறுறதில்லை. வீடு குடிச்சு, கழுவி மிச்சம் விட்டதுல பிழைக்கிற தோட்டம்தான் வீட்டுத் தோட்டம். வீட்டோட பங்கைப் பிடுங்கிக் குடிச்சா அது கஷ்ட காலத்துல முதல்ல வெளிய போக வேண்டிய விருந்தாளி.

அடுத்த வேலை மழைத்தண்ணி. 1 சதுர மீட்டர் மாடியில 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடி, வருஷத்துக்குச் சென்னையில சராசரியா 1400 மி.மீ. மழை. போட்டுப் பாருங்க, 1 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட ஒரு டஜன், நம்ம தலைக்கு மேலேயே வந்து நின்னுட்டுப் போகுது. 2003லேயே தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. உங்க வீட்டுக் குழாய் நிஜமாவே கிணத்துக்குள்ள போகுதா, இல்லை சும்மா சுவத்துல தொங்குதான்னு ஒரு தடவை இறங்கிப் பார்த்துடுங்க மக்களே.

டிஸ்கி: ஒரு கன அடி ஈர மண்ணு 50 கிலோ வரைக்கும் கனக்கும். ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு நம்ம கட்டடக் கணக்குல எடுத்துக்குற பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோதான். அதனால நார்க்கழிவு கூடுதலா கலந்து, பைகளைச் சுவர், உத்தரம் ஓரமா, செங்கல் மேல தூக்கி வைங்க. தோட்டம் நல்லா இருக்கணும், வீடும் இருக்கணும்ல :-)