இரண்டு கம்பிகளும் என் மௌனமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல் மாணவன்)

ஓமந்தூர் என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருபவர், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராய் விளங்கிய ஓ.பி. இராமசாமி ரெட்டியார். நேர்மைக்குப் பெயர் பெற்ற அப்பெருமகனாரின் ஊர்தான் என் ஊரும் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் சென்ற ஆண்டு நான் செய்த ஒரு காரியம் அப்பெருமைக்குப் பொருந்தாதது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையார் விவசாயக் கூலி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படிப்புச் செலவுக்காக, மாலை வேளைகளில் திண்டிவனத்தில் ஒரு கணிப்பொறிப் பயிற்சி நிலையத்தில் உதவியாளனாக வேலை பார்த்தேன். அங்கே மாடியில் ஒரு சுவிட்சு, கீழே ஒரு சுவிட்சு. சுவிட்சு என்றால் விளக்குப் போடுவதன்று. பல கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. இரண்டையும் ஒரு கம்பி இணைத்திருந்தது. மாடியிலிருந்து இன்னொரு கம்பி கீழே வந்து முனை தொங்கிக் கிடந்தது. ஒருநாள் அறையை ஒழுங்கு செய்கையில், "இது ஏன் வீணாகக் கிடக்கிறது?" என்று அதைக் கீழ்ப்பெட்டியில் செருகிவிட்டேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். சில விநாடிகளில் இரு பெட்டிகளின் விளக்குகளும் பேய் பிடித்தவை போல் மின்னின. எல்லாக் கணிப்பொறிகளும் தொடர்பிழந்து நின்றன. அன்று மாலை வகுப்பே நடக்கவில்லை.

உரிமையாளர் வந்தார். "பெருக்கும்போது கம்பியை இழுத்தியா?" என்று, அங்கே துப்புரவு வேலை செய்யும் அக்காவைக் கடிந்துகொண்டார். அவரது அரைநாள் கூலியையும் பிடித்துக்கொண்டார். அக்கா அழுதார். நான் அருகிலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை.

மறுநாள் புதுச்சேரியிலிருந்து வந்த பொறியாளர் இரண்டாம் கம்பியைப் பிடுங்கினார். எல்லாம் உயிர் பெற்றன. காரணத்தை அவரே எனக்கு விளக்கினார். ஒரு கணிப்பொறி, "இந்த எண்ணுக்கு உரியவர் யார்?" என்று எல்லோரையும் கூவிக் கேட்கும். அக்கூவலைச் சுவிட்சு, அது வந்த வாயில் நீங்கலாக மற்ற எல்லா வாயில்களிலும் அனுப்பும். இரு பெட்டிகளுக்கிடையே இரண்டு கம்பிகள் இருந்தால், ஒன்றில் போனது மற்றதில் திரும்பி வரும், மீண்டும் போகும். அதற்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது. ஆகவே சுற்றுக்கு முடிவே இல்லை.

இதற்கு 1985இல் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி மருந்து கண்டார். பெயர் ஸ்பானிங் ட்ரீ. சுவிட்சுகள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை செய்தி பரிமாறி, ஒரு பெட்டியை வேராகத் தேர்ந்து, சுற்று உண்டாக்கும் வாயிலை மட்டும் அடைத்துவிடும். இந்த மரம் குலைந்தால் என்ன ஆகும் என்பதை 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை கண்டது. அங்கே பல நாட்கள் காகிதத்தில் எழுதியே வேலை பார்த்தார்கள்.

எங்கள் பெட்டிகளில் அம்மருந்தை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். கணிப்பொறியை இணைத்ததும் வாயில் திறக்க 30 விநாடி ஆகிறதே என்ற பொறுமையின்மைதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார் பொறியாளர். மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து, என்னையே கட்டளைகளைத் தட்டச்சு செய்யச் சொன்னார். 'ஸ்பானிங்-ட்ரீ விலான் 1' என்றதும் மரம் உயிர் பெற்றது. வேரை நாம் குறிக்காவிட்டால், எல்லாப் பெட்டிகளும் 32768 என்ற ஒரே எண்ணோடு நிற்கும். அப்போது முகவரி எண் சிறியதாய் உள்ள ஏதோ ஒரு பழைய பெட்டிகூட வேராகிவிடலாம். ஆகவே மாடிப் பெட்டியில் 'ரூட் பிரைமரி' என்று சேர்த்தேன். அதன் எண் 24576 ஆகக் குறைந்தது. கணிப்பொறி இணையும் வாயில்களுக்கு மட்டும் 'போர்ட்ஃபாஸ்ட்' கொடுத்தேன். 30 விநாடித் தொல்லை தீர்ந்தது.

பிறகு அதே இரண்டாம் கம்பியைச் செருகினோம். கீழ்ப்பெட்டியில் அதன் விளக்கு மஞ்சளாக நின்றது. புயல் எழவில்லை. முதல் கம்பியைப் பிடுங்கினோம். ஏறத்தாழ 30 விநாடியில் மஞ்சள் பச்சையாயிற்று, தொடர்பு மீண்டது. அடைபட்ட வழி வீணானதன்று. வேளை வரும்வரை காத்திருப்பது.

மகிழ்ச்சியோடு வீட்டில் இதையெல்லாம் சொன்னேன். எழுத்தறியாத என் தந்தையார் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே கேட்டார்: "அந்தப் பொண்ணு கூலிய யாருடா குடுத்தது?"

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மறுநாள் உரிமையாளரிடம் உண்மையைச் சொன்னேன். பிடித்த கூலியை என் சம்பளத்தில் கழித்து அவரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்படியே செய்தார். அக்கா பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அழுதிருக்க மாட்டேனே, தம்பி" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

நண்பர்களே, அந்த மஞ்சள் விளக்கும் மௌனமாகத்தான் இருக்கிறது. அதன் மௌனம் எல்லோரையும் காக்கிறது. அன்று என் மௌனம் என்னை மட்டுமே காத்தது. கட்டளைகளை ஒரே மாலையில் கற்றுக்கொண்டேன். இதைக் கற்க என் தந்தையாரின் ஒரு கேள்வி தேவைப்பட்டது.