முகூர்த்தத்தில் வந்த வண்டி

எங்கள் வடமாலபேட்டைப் பக்கம் நல்ல காரியத்துக்கு ஆகாத காலம் கொஞ்சம் நீளம். தெலுங்கருக்கு ஆஷாடம் ஆகாது, நமக்கு ஆடி ஆகாது. 2025-இல் ஆஷாடம் ஜூன் 26-இல் தொடங்கியது, ஆடி ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. இரண்டு பஞ்சாங்கத்துக்கும் பயப்படுகிற என் வீடு மாதிரி வீடுகளில் ஏழு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அந்த வாரங்களில் திருப்பதி ஷோரூம்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் கேட்டபடி தள்ளுபடி இறங்கும். கார் வாங்க அதைவிட நல்ல நேரம் இல்லை என்பது, வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் வாங்கியது 2023 தை மாதம். நாள் பார்த்தது அம்மா. பத்தரைக்குள் சாவி கைக்கு வந்துவிட வேண்டும். போனால் வண்டி சிவப்புத் துணிக்குள் இருக்கிறது. கேக், ரிப்பன், அட்டையில் செய்த பெரிய சாவி, போட்டோ எடுக்க ஒரு பையன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று திருத்தணி மச்சான் எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கப் போனேன். "முகூர்த்தம் தாட்டிப்போதுந்தி அண்ணா," நேரம் தாண்டுகிறது என்றான் விற்பனைப் பையன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சீட்டு பையிலேயே இருந்துவிட்டது. அங்கிருந்து நேரே காணிப்பாக்கம், வாகன பூஜை, எலுமிச்சம்பழம், வீடு.

ஆர்.சி. வந்தபோதுதான் பார்த்தேன்: தயாரான மாதம் 2022 மே. டயரின் ஓரத்தில் 1822 என்று நாலு இலக்கம், அதாவது 2022-இன் பதினெட்டாவது வாரம். எட்டு மாதம் ஏதோ ஒரு யார்டில் வெயில் காய்ந்த வண்டிக்குப் புத்தாண்டு மாடல் விலை கொடுத்திருக்கிறேன். நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அந்த வருடத்தைத்தான். ஷோரூம் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை.

அந்தச் சீட்டை அன்றைக்கு எடுத்திருந்தாலும் பெரிய பிரயோசனம் இருந்திருக்காது. பதிவு எண்ணோ தற்காலிகப் பதிவோ இல்லாமல் டீலர் வண்டியைக் கையில் கொடுக்கக் கூடாது. ஆகவே சாவி வாங்கும் நாளில் வண்டி ஏற்கெனவே நம் பெயரில் இருக்கும். அப்போது குனிந்து பார்ப்பது தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற கதை. பதிவுக்குக் காகிதம் போகும் முன், பகல் வெளிச்சத்தில், யார்டுக்கே போய் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு பார்க்க வேண்டும். என் அப்பா சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டுக்கு விலை பேசியதில்லை.

கோவாவில் ஒருவர் 2011 மாடலுக்குப் பணம் கட்டினார். கிடைத்தது 2009 மாடல், அதுவும் 622 கிலோமீட்டர் ஓடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டீலர் செய்தது தெரியாதபோது வண்டியைத் தயாரித்த டாடா மோட்டார்ஸ் அதற்குப் பொறுப்பாகாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு. நாம் கம்பெனிப் பெயரை நம்பி உள்ளே போகிறோம். பில் போடுவது டீலர்.

மிதியடிக்கும் சீட் கவருக்கும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய நான், கொட்டேஷனில் இருந்த 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்ன என்று கேட்கவில்லை. அரசாங்கத்துக்குப் போகிற பணமில்லை அது. கேட்டால் குறையும், பல இடத்தில் அடியோடு போகும். இன்சூரன்ஸையும் ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் மூன்று வருடத்துக்குக் கட்டாயம். சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் எடுத்தால் போதும்.

கடன் கணக்கு இன்னும் வேடிக்கை. "ஏழு பர்சன்ட்தான் சார்" என்றார்கள். 5 லட்சம், ஐந்து வருடம், ஃபிளாட் வட்டி: தவணை 11,250. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் போட்டால் அது பன்னிரண்டரை. 2024 அக்டோபர் முதல் வங்கிகள் உண்மையான வருட வட்டியைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லை ஊரில் இன்னொரு ஆசையும் வரும்: வரி குறைகிற மாநிலத்தில் சொந்தக்காரர் முகவரியில் பதிந்துகொள்ளலாமே என்று. ஒரு வருடத்துக்கு மேல் இங்கேயே ஓட்டினால் இங்கே எண் மாற்றியாக வேண்டும். எங்கள் பக்கத்து எஸ்.வி.புரம் டோலைத் தினமும் தாண்டுகிறவருக்கு அது வேண்டாத வேலை.

மச்சான் என்னைப் பார்த்துப் புத்தி கற்றவர். 2025 ஆடியில் யார்டுக்குப் போய், டயர் எண் பார்த்து, நல்ல தள்ளுபடியில் சின்ன கார் எடுத்தார். செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. ஆடியை மீறினால் இப்படித்தான் என்று என் மாமியார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் யார்டுக்குப் போகிற நாளில் எனக்கும் சொல்லுங்கள். டார்ச்சும் அந்தப் பழைய சீட்டும் என்னிடம் இருக்கின்றன.