ஒலியும் ஓர் அமானிதம்



வழக்கொழிந்ததென்று நாம் எண்ணிய இசைத்தட்டு மேலைநாடுகளில் மீண்டும் விற்பனையாகிறது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில், 1987க்குப் பின் முதன்முறையாக, குறுந்தகடுகளைவிட வினைல் இசைத்தட்டுகளே எண்ணிக்கையில் மிகுதியாக விற்றன. பழைய மேடைக் கச்சேரிகளும் இவ்வாறு மறுபதிப்புக் காண்கின்றன.

1965இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய கிரேட்ஃபுல் டெட் என்னும் சைக்கடெலிக் ராக் குழுவின் வாழ்க்கை முறை நமக்கு உவப்பானதன்று. ஆயினும் அவர்களின் ஒலிநாடாக்களுக்கு நேர்ந்தது நமக்கொரு பாடம். பெட்டி கேன்டர் என்ற பெண் ஒலிப்பதிவாளர் அக்குழுவின் கச்சேரிகள் பலவற்றைப் பதிந்து வைத்திருந்தார். வாடகை நின்றுபோன சேமிப்பறையிலிருந்து அந்நாடாக்கள் 1986இல் ஏலத்தில் கைமாறின. 1977 மே 8 அன்று கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியின் பதிவு, சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து 2017இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தது. இடையில் யாரேனும் அதைக் குப்பையில் எறிந்திருந்தால், மறுபதிப்பிட எதுவும் இருந்திராது.

நம் சமுதாயத்திற்கும் இத்தகைய செல்வம் உண்டு. 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்த இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபாவின் குரல் ஒலிக்காத முஸ்லிம் தெரு தமிழகத்தில் இருந்ததில்லை. நம் காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவைப் பற்றி அவர் பாடிய 'அழைக்கின்றார் அண்ணா' பள்ளிவாசல் தெருவைக் கடந்து ஊரெல்லாம் ஒலித்தது. ஆனால் அக்காலத்து 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். பாடல் அதற்குள் அடங்கியாக வேண்டும். மேடையில் அந்தக் கட்டாயம் இல்லை. கூட்டம் கேட்டால் அடியைத் திரும்பப் பாடலாம், ஆலாபனையை நீட்டலாம். தட்டில் பாடல் கிடைக்கும். பாடகரும் மக்களும் ஒன்றாக இருந்த இரவு கிடைக்காது.

அந்த இரவுகள் நம் வீட்டு அலமாரிகளில் கேசட்டுகளாகக் கிடக்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒரு நிக்காஹ் வீட்டுக் கச்சேரியின் கேசட் உண்டு. பாடியவர் பெரும்புகழ் பெற்றவரல்லர். தஃப் ஒலிக்கு நடுவே, பந்திக்கு வருமாறு அழைக்கும் குரல் கேட்கிறது. அழைப்பவர் எங்கள் அத்தா. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. இசைக்கருவிகளைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் இங்கு நம் நோக்கமன்று. மறைந்தோரின் குரல் நம் கையில் அமானிதமாக இருக்கிறது என்பதே நாம் சொல்ல வருவது.

காஞ்சிபுரத்து நெசவாளர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய பட்டுச் சேலையின் கரையைப் பார்த்துக் கட்டத்தாளில் வரைந்து, அட்டை குத்தி, ஜக்கார்டில் ஏற்றி, மறந்துபோன புட்டாவை அவர்கள் மீண்டும் நெய்கிறார்கள். ஆனால் மாதிரிக்கு ஒரு சேலையாவது எஞ்சியிருக்க வேண்டும். ஜரிகைக்காகச் சேலையை எரித்துவிட்ட வீட்டில் அதற்கும் வழியில்லை.

ஆகவே, இவ்வார விடுமுறையில் கேசட் பெட்டியைத் திறந்து பாருங்கள். பூஞ்சை படிந்த நாடாவைக் கருவியில் இட்டு ஓட்டிவிடாதீர்கள். அறிந்தவரிடம் கொடுத்துத் துடைத்தபின் கணினியில் பதியுங்கள். பாடியவர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பொதுவில் வெளியிடுமுன் பாடியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ அனுமதி பெறுங்கள். அதுவும் அமானிதத்தைச் சேர்ந்ததே. நாடா இன்னும் சில ஆண்டுகள் தாங்கக்கூடும். அதிலுள்ள குரல்கள் யாருடையவை என்று சொல்லக்கூடிய முதியோரோ நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.