தலைக்கட்டு வரி

சங்கீதப் பைத்தியத்தைத் தவிர எனக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது என்று என் மனைவி சொல்வாள். விழுப்புரத்தில் வைத்திருந்த மல்லாட்டை மண்டியில் நாலு காசு சேர்ந்த பிறகுதான் அது நிஜமாகவே கெட்ட பழக்கமாயிற்று. கேட்பதோடு நிற்காமல் கொடுக்கத் தொடங்கினேன்.

மனசுக்குள் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் என்ற நினைப்பு. அவர் 1929ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டவர், 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வைத்தவர். சிதம்பரமும் அன்றைக்கு எங்கள் தென்னார்க்காடு ஜில்லாதானே! அவர் அளவுக்கு இல்லாவிட்டாலும், எங்கள் காணை சுற்றுவட்டாரத்துக்கு ஒரு குட்டி வள்ளலாக நான் போதாதா?

எங்கள் பக்கத்துச் சங்கீதம் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் இருக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் விடியவிடியக் கூத்து, கடைசி நாள் படுகளம், தீமிதி. முகவீணை, ஆர்மோனியம், மத்தளம், தாளம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடம் விளக்கொளியில் மின்னும்.

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். துச்சாதனன் கையில் பாஞ்சாலியின் கூந்தல். அவள் உச்சஸ்தாயியில் அலறுகிறாள், முகவீணை கூடவே அழுகிறது. அந்த நேரம் பார்த்துக் கட்டியக்காரன் கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்துவான். “கீழத்தெரு இன்னார் மகன் இன்னார் இருபது ரூபாய் அன்பளிப்பு! அவர் குடும்பம் வாழ்க!” பாஞ்சாலியும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து அலறுவாள். கச்சேரி கேட்டுப் பழகிய காது எனக்கு. கூசிப்போவேன்.

அதனால் ஒரு வருஷம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, கூத்துச் செலவு மொத்தமும் என்னுடையது என்றேன். வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வசூலிக்க வேண்டாம், நடுவில் அன்பளிப்பு அறிவிப்பும் கூடாது. கூட்டம் கைதட்டியது. கூத்து ஜமாவின் வாத்தியார் மட்டும் தலையைச் சொறிந்தார். “சரிங்க ஐயா, உங்க இஷ்டம்” என்று வெற்றிலைபாக்கை வாங்கிக்கொண்டார். அந்தத் தலைச்சொறிதலை அன்றைக்கே விசாரித்திருக்கலாம்.

பந்தல், நாற்காலி, சென்னையிலிருந்து மைக் செட். கைகூப்பி நிற்கும் என் படத்தோடு பிளெக்ஸ். பாஞ்சாலி தடையில்லாமல் அலறினாள். நான் முன்வரிசையில் கண்ணை மூடித் தாளம் போட்டேன். பின்னால் கூட்டம் மெலிந்திருந்தது, எனக்கு அது தெரியவில்லை. மறுவருஷமும் அப்படியே.

அதற்கடுத்த வருஷம் மண்டியில் அடி. கூடவே நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, ஆபரேஷன். இந்த வருஷம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்குச் சொல்லியனுப்பினேன். பங்குனி போனது, சித்திரையும் போனது. கோயிலில் கூழ் ஊற்றினார்கள், கூத்து இல்லை.

உடம்பு தேறியதும், வழக்கமாக வரி எழுதும் பெரியவரைத் தேடிப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஏன் வசூல் பண்ணவில்லை என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன். அவர் நிமிரவில்லை. தொட்டியில் தவிட்டைக் கலக்கினார். மாடு குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. அப்புறம், கோபமே இல்லாமல் சொன்னார்: “அது உங்க கூத்துங்களே ஐயா. உங்களுக்கு முடியலன்னா நாங்க எப்படிங்க நடத்துறது?”

வரி நோட்டு எங்கே என்றேன். பேரப்பிள்ளைகள் கிழித்துவிட்டார்களாம்.

அந்த நோட்டில் ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு வரி இருந்தது. பணம் கட்ட முடியாத வீட்டுக்கு எதிரே ‘அரிசி’ என்றோ ‘வேஷக்காரர் ரெண்டு பேர் சாப்பாடு’ என்றோ எழுதியிருக்கும். என்றைக்கு எந்தக் கூத்து என்று சண்டை போடுவதற்கும், அர்ச்சுனன் போன வருஷம் சரியில்லை என்று திண்ணையில் பேசுவதற்கும் அந்த வரிதான் பாத்தியதை. இருபது ரூபாய் அன்பளிப்புக்காரன், பாஞ்சாலி தன் பேருக்கு நின்று கும்பிட்டதை அடுத்த திருவிழாவரை சொல்லிக்கொண்டிருப்பான். அந்தக் காசுதான் சின்ன வேஷக்காரர்களுக்குக் கைச்செலவு என்று வாத்தியார் பிறகு சொன்னார். நான் கொடுத்த மொத்தத் தொகையில் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது பழைய கூலி மட்டும். முகவீணைக்காரர் புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார். இப்போது அந்த ஜமாவில் கீபோர்டு வாசிக்கிறார்கள். என் கச்சேரிக் காதுக்கு வந்த கூலி அது.

படுக்கையில் கிடந்தபோது, பெருங்கட்டூர் ப. ராஜகோபாலைப் பற்றிப் படித்திருந்தேன். கூத்துக்காரர்களே சேர்ந்து 1990ல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கியதும், 2002ல் காஞ்சிபுரத்துக்கு அருகே குருகுலம் வைத்துப் பெண்பிள்ளைகளுக்கும் கூத்தும் பாடமும் சொல்லிக்கொடுத்ததும். அங்கேயும் கொடையாளர்கள் உண்டு. ஆனால் சங்கம் ஆடுகிறவர்களுடையது. படிக்கும்போது எனக்கு உறைக்கவில்லை. மாட்டுத்தொட்டியருகே நின்றபோதுதான் உறைத்தது.

ஊரைத் திரும்ப வரிக்குப் பழக்க நாளாயிற்று. ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தாராளமாக ஒரு தொகை எழுதி நீட்டினேன். பெரியவர் அதை அடித்துவிட்டு எல்லாருக்கும் போட்டதையே எனக்கும் போட்டார். பிறகு ஒரு நிமிஷம் யோசித்தார்.

“தம்பிதான் தனிக்குடித்தனம் போயிடுச்சே. உங்களுது ரெண்டு தலைக்கட்டுங்க.”

பேரம் பேசிப் பார்த்தேன். நடக்கவில்லை.