அரிசிப் பையும் அறுபது நாளும்

வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு, பாத்திரம் கழுவி வெச்சிட்டு இதை எழுதுறோம்.

2023-ல ஒரு அண்ணனுக்கு வேலை போச்சு. ஆட்குறைப்பு. 14 வருசம் மெஷின் ஓட்டினவர். கோயில் தொண்டர்கள் நாங்க மாசாமாசம் அரிசி, பருப்பு, எண்ணெய்னு பை கட்டிக் கொடுத்தோம். படம் எடுத்து முகநூல்லயும் போட்டோம். மனசு நிறைஞ்சுதான் இருந்துச்சு.

நாலாவது மாசம் பேச்சுவாக்குல கேட்டோம்: "அண்ணே, சொக்சோவுல வேலை காப்புறுதிக்கு மனு போட்டீங்களா?"

"அது கை கால் அடிபட்டவங்களுக்குத்தானே தம்பி? கவர்மெண்டு கிட்ட போய் கையேந்தணுமா?"

கையேந்துறது இல்லைங்க அது. 2018 ஜனவரியிலிருந்து நம்ம சம்பளத்துல 0.2 விழுக்காடு பிடிக்கிறாங்க, முதலாளியும் அதே அளவு கட்டுறார். 2,000 வெள்ளி சம்பளத்துக்கு நாலு வெள்ளிகூட வராது. அப்போதைய கணக்குப்படி வேலை போன முதல் மாசம் சம்பளத்துல 80 விழுக்காடு, அடுத்த மாசம் 50, அப்புறம் 40, 30னு குறையும். அதிகபட்சம் 6 மாசம். வேலை தேடினதுக்குக் கணக்கு காட்டணும். சீக்கிரமே வேலை கிடைச்சா மிச்சத் தொகையில 25 விழுக்காடு தருவாங்க.

ஆனா வேலை போன 60 நாளுக்குள்ள மனு போடணும். அண்ணனுக்கு அந்த நாள் தாண்டிப் போச்சு.

எங்கள்ல பாதிப் பேர் தொழிற்சாலையில இருக்கிறவங்க. சூப்பர்வைசர் நாற்காலியில உட்கார்ந்து ஆட்குறைப்புக் கடிதத்தை நீட்டினதும் உண்டு. தெரிஞ்சிருந்தும் கேட்கல.

உதவி கொடுத்தா ஆளு சோம்பேறி ஆயிடுவான்னு சிலர் சொல்றாங்க. அரசாங்கப் பணத்துக்குக் கணக்கு இருந்துச்சு, முடிவு தேதி இருந்துச்சு. எங்க பைக்குத்தான் ரெண்டும் இல்ல. "அடுத்த மாசமும் வாங்கண்ணே"ன்னு சொன்னோமே தவிர, "வேலை என்னாச்சு"ன்னு ஒரு தடவைகூட கேட்கல.

இப்போ அன்னதான வரிசை பக்கத்துல ஒரு மேசை போட்டிருக்கோம். ஐ.சி., கடிதம், சம்பளச் சீட்டு கொண்டு வாங்க, மனு போட உதவி செய்றோம். அரிசியும் உண்டு. தானா வேலையை விட்டவங்களுக்கு இந்தப் பணம் கிடையாது. அதனால யாராவது ராஜினாமா தாளை நீட்டினா, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி வந்து கேளுங்க.

அந்த அண்ணனுக்கு அப்புறம் ஒரு கிடங்குல வேலை கிடைச்சது. லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமை அவரே வந்து மேசையில உட்காருவார். வர்றவங்களை முதல்ல சாப்பிடச் சொல்வார். அடுத்து, "வேலை போன தேதி என்னப்பா?"ன்னு கேட்பார்.

முருகன் துணை.