பிரம்மாவுக்கு முந்திய ஊர்

எண்பதுகளில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை மூடிவிட்டால் எப்போது திறப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் போகும். வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். அப்பாடா என்று எல்லாரும் சைக்கிள் பெடலில் கால் வைக்கும்போது தண்டையார்பேட்டை யார்டுக்குப் போகிற கூட்ஸ் வந்து, பாதியை அந்தப் பக்கமும் பாதியை இந்தப் பக்கமுமாகப் போட்டுக்கொண்டு நின்றுவிடும். அவசரக்காரர்கள் சைக்கிளைச் சாய்த்துக் கட்டைக்கு அடியில் நுழைந்து போவார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. பெரியப்பா யார்டில் பாயின்ட்ஸ்மேன். ரயில்வேக்காரன் வீட்டுப் பையன் கேட்டுக்கு அடியில் நுழைந்தான் என்ற சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்பதை நான் முதலில் கேட்டது அந்தக் கேட்டில் நின்றுதான். சொன்னவர் எங்கள் அறிவியல் சார். ராயபுரத்துக்காரர். சட்டைக்குள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை போட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை படகுக்காரர்கள் கட்டிய ராயப்பர் கோயிலில் முதல் பூசைக்கே போய்விடுவார். எங்களோடு கேட்டில் மாட்டிக்கொண்ட ஒரு சாயங்காலம், "கண்ண மூடிக்கிட்டு ஹாரனை மட்டும் கேளுங்கடா" என்றார். வரும்போது கூராக இருந்த சத்தம், எங்களைத் தாண்டிய நொடியில் தொய்ந்து இறங்கியது. தினமும் கேட்ட சத்தம்தான். அன்றுதான் காதில் விழுந்தது.

இதைச் சோதிக்க 1845-இல் ஹாலந்து நாட்டில் ரயிலில் ஊதுகுழல்காரர்களை ஏற்றி ஓடவிட்டார்களாம். தண்டவாளத்தோரம் நின்ற சங்கீதக்காரர்கள் சுருதி இறங்குவதைக் காதால் பிடித்தார்கள். வெளிச்சத்துக்கும் அப்படி ஒன்று உண்டு, விலகிப் போகிறதன் வெளிச்சம் சிவப்புப் பக்கம் சாயும், தூரத்து நட்சத்திரக் கூட்டங்கள் அநேகமாக எல்லாமே அப்படித்தான் சாய்ந்திருக்கின்றன என்றார் சார். அவை வெளியில் ஓடுவதைவிட, நடுவில் இருக்கும் வெளி தானாகவே விரிகிறது என்பதுதான் சரி என்று ஒரு திருத்தமும் சேர்த்தார். அது அப்போது எங்களுக்கு ஏறவில்லை. "எல்லாம் விலகிப் போகுதுன்னா, பின்னாடி ஓட்டிப் பார்த்தா?" என்று கேட்டுவிட்டு, கேட் திறந்ததும் அவர் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் அதற்கு ஏற்கெனவே இரண்டு பதில் இருந்தது.

முதல் பதில் ஆயாவுடையது. கார்த்திகைப் பௌர்ணமி வந்தால் எங்களைத் திருவொற்றியூருக்கு மின்சார ரயிலில் இழுத்துக்கொண்டு போவாள். ஆதிபுரீஸ்வரர் வருஷம் பூராவும் கவசத்துக்குள் இருக்கிறவர். அன்று தொடங்கி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுப்பார்கள், புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். வடசென்னை மொத்தமும் வரிசையில் நிற்கும். நிற்கிற நேரத்தில் ஆயா கதை சொல்லுவாள். பிரளய வெள்ளம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. மறுபடி படைக்கலாம் என்று பிரம்மா கிளம்பினார். அதற்குள் ஈசன் தன் வெப்பத்தால் வெள்ளத்தை ஒதுக்கி இந்த ஊரை உண்டாக்கிவிட்டிருந்தார். பிரம்மா வந்து பார்த்தால் தனக்கு முன்னாலேயே ஓர் ஊர் இருக்கிறது! "மூஞ்சி எப்டி ஆயிருக்கும் பாரு நைனா" என்று சிரிப்பாள். உலகத்திலேயே பழைய பொருளைப் பார்க்கப் போகிறோம் என்று எனக்கு வயிற்றைப் பிசையும். பக்கத்தில் போனால் இருட்டு, தைல வாசனை, பின்னாலிருந்து தள்ளும் முழங்கைகள். அதற்குள் நகரச் சொல்லிவிடுவார்கள்.

பெரியப்பாவின் பதில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் வாங்கிய மாஸ்கோ அச்சுப் புத்தகங்கள், அவற்றுக்கு மேலே சிங்காரவேலர். மீனவர் வீட்டில் 1860-இல் பிறந்து வக்கீலானவர், 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றியவர், 1925-இல் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் என்பதெல்லாம் பெரியப்பாவுக்கு மனப்பாடம். 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காக அவர் ஜெயிலுக்குப் போனதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும், அது சொந்த இலாகா சமாசாரம். அப்பேர்ப்பட்ட மனிதர் முப்பதுகளில் குடி அரசிலும், பிறகு தன் புது உலகம் பத்திரிகையிலும் உட்கார்ந்து பிரபஞ்சத்தைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் பரிணாமத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார். யூனியன் தலைவருக்கு நட்சத்திரம் எதற்கு என்று கேட்டேன்.

"கூலி ஏன் கம்மின்னு கேட்டா இன்னா சொல்றான்? தலையெழுத்துன்றான். தலையெழுத்த எழுதினவன் யாரு? பிரம்மா. அப்ப அங்கேர்ந்துதானடா ஆரம்பிக்கணும்?"

பிரம்மாவை மட்டம் தட்டுகிற விஷயத்தில் ஆயாவும் பெரியப்பாவும் ஒரே கட்சி என்பது அவர்கள் இருவருக்குமே தெரியாது.

பின்னாடி ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரு பெரிய வெடிப்பில் போய் முடியும் என்று சார் பிறகு வகுப்பில் சொன்னார். இந்த இரண்டு பேர் நடுவில் நான் போய் அந்த வெடிப்பைச் சொன்னேன். ஆயாதான் சண்டைக்கு வருவாள் என்று நினைத்திருந்தேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "எங்க வெடிச்சுது?" என்றாள். ஓர் இடத்தில் இல்லை, எல்லா இடத்திலும்தான் என்றேன், சார் சொன்னபடி. "அப்ப ஒத்தியூர்லயும்தான?" ஆமாம் என்றேன். "அதத்தான் நானும் சொல்லிகினு கீறேன்" என்று கல் பொறுக்கப் போய்விட்டாள். கணக்குப்படி அவள் சொன்னதில் தப்பும் இல்லை. திருவொற்றியூரிலும் வெடித்தது, எங்கள் கோழிக்கூண்டிலும் வெடித்தது.

கொதித்தவர் பெரியப்பா. பொருளை யாரும் ஆக்கவில்லை, யாராலும் அழிக்க முடியாது, அது என்றைக்கும் இருந்தது என்பது அவர் கற்ற பாடம். "தொடக்கம்னு ஒண்ண ஒத்துக்கினா, தொடக்கி வெச்சவன் யாருன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குத்தான் வலை விரிக்கிறானுங்க." யார் சொன்னது என்று கேட்டார். பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர் 1927-இலேயே சொன்னார், ஹப்பிளின் அளவீடு 1929-இல் வந்தது, எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து புறப்பட்டது என்று 1931-இல் லெமைத்ரே எழுதினார் என்று நோட்டைப் பார்த்து ஒப்பித்தேன். அவர் கத்தோலிக்கப் பாதிரியார் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன். பெரியப்பா தொடையில் தட்டினார். "பாத்தியா? அங்கிதான் பேசுது!"

இப்போது யோசித்தால், அந்தச் சந்தேகம் கொருக்குப்பேட்டைக்கு மட்டும் உரியதல்ல. கேம்பிரிட்ஜில் கடவுள் நம்பிக்கை இல்லாத பிரெட் ஹாயிலுக்கும் தொடக்கம் என்றாலே கசப்பு. பிரபஞ்சம் என்றும் இப்படியே இருந்தது என்ற கொள்கைக்காகக் கடைசிவரை வாதாடினார். எதிர்ப்பக்கம், போப் பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் ஒளி உண்டாகக்கடவது என்ற வேத வாக்கியத்துக்கு விஞ்ஞானம் சாட்சி சொல்லிவிட்டது போலப் பேசினார். அதில் அதிகம் சங்கடப்பட்டவர் லெமைத்ர்தான். என் சூத்திரத்தில் சாமியைக் கலக்காதீர்கள் என்கிற கட்சி அவர். நம்மூரிலும் அந்த ஆசைக்குக் குறைவில்லை. கார்ல் சாகன் 1980-இல் எடுத்த காஸ்மாஸ் தொடரில் தமிழ்நாட்டுப் பொங்கலைக் காட்டி, பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 864 கோடி ஆண்டு என்ற புராணக் கணக்கை வியந்து பேசுவார். எல்லாம் அன்றே நம் வேதத்தில் இருந்தது என்கிறவர்கள் அதை இன்றும் காட்டுகிறார்கள். அது தற்செயல்தான் என்று அவர் அங்கேயே சொன்னது மட்டும் அவர்கள் காதில் விழுவதில்லை.

நான் பெரியப்பாவின் பதிலைக் கொண்டுபோய் சாரிடம் ஒப்படைத்தேன். கோபப்படவில்லை. "யார் சொன்னாங்கன்னு பாக்காத, சாட்சி இருக்கான்னு பாருன்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லு" என்று புறாக் கதையைச் சொல்லி அனுப்பினார். 1964-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் பெரிய புனல் வடிவ ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல். உள்ளே புறாக்கள் கூடு கட்டியிருந்தன. புறாவை விரட்டி எச்சத்தைக் கழுவித் துடைத்தும் இரைச்சல் போகவில்லை. அது ஆதி வெப்பத்தின் மிச்சம், இன்று, அதற்குக் கீழே குளிரவே முடியாத தனிச்சுழிக்குச் சுமார் 3 டிகிரி மேலே ஆறிக் கிடக்கிறது. 1978-இல் அதற்கு நோபல் பரிசு. லெமைத்ர் 1966-இல் சாவதற்குச் சற்று முன்னால் படுக்கையில் அந்தச் சேதியைக் கேட்டுக்கொண்டார்.

இதில் எங்களைப் பிடித்துக்கொண்டது கடைசி வரி. தூர்தர்ஷன் முடிந்தபின் டிவியில் கொசகொசவென்று புள்ளி பறக்கிறதே, அதில் நூற்றில் ஒரு பங்கு அந்த வெப்பம்தான் என்றார் சார். அன்று ராத்திரி நிகழ்ச்சி முடிந்தும் நான் டிவியை அணைக்கவில்லை. இரவு ஷிப்டு இல்லாத பெரியப்பா வந்து, விஷயத்தைக் கேட்டு, பீடியைப் பற்றவைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை முறைத்தார். "எதுடா அந்த நூத்துல ஒண்ணு?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "ஒண்ணுமில்லாத டிவிக்கு கரண்ட் பில் யாரு கட்டறது" என்று ஆயா எழுந்து வந்து அணைத்தாள். ஆனால் அதன்பிறகு பெரியப்பா அங்கி, வலை என்றெல்லாம் பேசவில்லை. சாட்சி என்ற சொல் யூனியன்காரருக்குப் பெரிய சொல்.

1992 ஏப்ரலில் கோபி செயற்கைக்கோள் அந்த வெப்பத்தில் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களைக் கண்ட செய்தி வந்தது. நட்சத்திரக் கூட்டங்கள் திரண்டதற்கான ஆரம்ப வித்துகள் அவை. அதற்குச் சில மாதம் முன்புதான் சோவியத் யூனியன் கலைந்திருந்தது. பெரியப்பா அந்தச் செய்தியைக் கத்தரித்து, சிங்காரவேலர் புத்தகத்தின் உள்அட்டையில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார்.

"இன்னாடா ஒட்ற?" என்றாள் ஆயா.

"ஒலகம் ஆரம்பத்துல நெருப்பா இருந்துதாம்மா. அந்தச் சூட்டுல மிச்சம் இன்னும் இருக்காம்."

"ஒத்தியூர்ல வருஷத்துக்கு மூணு நாளு தொறந்து காட்டறாங்க. நீதான் வரமாட்டேன்ற."

"டிக்கெட் வாங்கினவனுக்கு ஒரு கியூ, வாங்காதவனுக்கு ஒரு கியூன்னு இல்லாம எல்லாரையும் ஒரே கியூவுல வுடச் சொல்லு. வரேன்."