கம்பெனிக்கும் ஓட்டு

ஸ்ட்ராண்ட் தெருவில் கிழக்கே நடந்தால், சாலை நடுவே உயரமான பீடத்தின் மேல் ஒரு டிராகன் சிலை நிற்கும். 1880இல் வைத்தது. அதைத் தாண்டினால் ‘சிட்டி’. லண்டன் மாநகருக்குள்ளேயே இருக்கும் தனி நகரம். பரப்பு ஒரு சதுர மைலுக்குச் சற்றே கூடுதல். அதற்கென்று தனி போலீஸ் உண்டு. சாதிக் கான் மேயராக இருக்கும் லண்டனில், இதற்கு மட்டும் லார்ட் மேயர் என்று வேறொருவர்.

நான் போனது சனிக்கிழமை. சாண்ட்விச் கடைகூடக் கதவடைத்திருந்தது. கறுப்பு, சிவப்பு, வெள்ளை அடித்த இரும்புக் குட்டைத்தூண்கள்தான் நடைபாதைக்குக் காவல். 2021 கணக்கெடுப்பில் இங்கே குடியிருந்தவர்கள் 8,583 பேர். வார நாளில் வேலைக்கு வருகிறவர்களோ 6 லட்சத்துக்கும் மேல்.

அப்படியானால் கவுன்சிலரை யார் தேர்ந்தெடுப்பது? வங்கிகளும் வக்கீல் அலுவலகங்களும்தான், பெரும்பாலும். மொத்தம் 25 வார்டு. குடியிருப்போர் கை ஓங்கியவை நான்கே. 50 ஊழியர் உள்ள நிறுவனம் 10 வாக்காளர்களை நியமிக்கலாம். அதற்கு மேல் 50 பேருக்கு ஒருவர் வீதம் கூடும். 3,000 பேர் வேலை பார்த்தால் 69 ஓட்டு. பழைய வழக்கம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். எல்லா வகை நிறுவனங்களுக்கும் இதை விரித்த சட்டம் 2002இல் வந்தது.

தெருவைக் கூட்டுவதும் விளக்குப் போடுவதும் இந்த 6 லட்சம் பேருக்காகத்தானே, அவர்களுக்கும் ஒரு சொல் வேண்டாமா என்கிறார்கள் இதை ஆதரிப்பவர்கள். நியாயம்தான். ஆனால் நிர்வாகம் யாரைக் கைகாட்டுகிறதோ அவருக்குத்தான் ஓட்டு. இரவில் மாடி மாடியாகத் துடைப்பவரை எந்த வங்கி கைகாட்டும்? ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஹாம்ப்ஸ்டெட் ஹீத், எப்பிங் காடு இரண்டையும் பராமரிப்பது சிட்டியை நிர்வகிக்கும் இதே கார்ப்பரேஷன்தான். ஊர் மக்களுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.

லெடன்ஹால் தெருவுக்கு வந்தேன். குழாய்களை வெளியே போட்டுக் கட்டிய லாயிட்ஸ் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் முன்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது. அந்தக் கம்பெனி 1687இல் கொடுத்த சாசனத்தில் பிறந்ததுதான் மதராஸ் மாநகராட்சி. மேயர், ஆல்டர்மேன் என்று பதவிப் பெயர்கள் எல்லாம் இங்கத்தியவை. தொடங்கிய நாள் 1688 செப்டம்பர் 29. லார்ட் மேயரைத் தேர்ந்தெடுக்கும் மரபு நாளும் அதுவே. ஊரை ஆள ஒரு கம்பெனி மேயரை உண்டாக்கியது அங்கே. மேயரின் மன்றத்துக்கே கம்பெனிகள் ஆளனுப்புகின்றன இங்கே.